ஓவர்கிளாக் செய்தபின் எழாத கணினி: காரணங்கள், சோதனை முறைகள், மீட்கும் வழிகள்

பிராசஸரின் வேகத்தையோ ராமின் வேகத்தையோ பயாஸில் ஏற்றிச் சேமித்துவிட்டு மறுபடி இயக்கினால், சில நேரம் காற்றாடிகள் சுழலும், விளக்குகள் எரியும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். சர்வீஸ் கடைக்காரர்கள் இதை ‘நோ டிஸ்ப்ளே’ என்பார்கள். ‘போர்டு போயிருக்கும்’ என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். அதை நம்பி நல்ல மதர்போர்டைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. தேவையில்லாமல் புது பிராசஸர் வாங்கியவர்களும் உண்டு.

ஓவர்கிளாக்கை அடுத்து உடனே எழாமல் போன கணினிகளில் பெரும்பாலானவற்றில் எந்த உறுப்பும் கெட்டிருப்பதில்லை. தன்னால் எட்ட முடியாத ஒரு வேகத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதையே முயன்று கணினி தோற்கிறது. அந்த அமைப்பை அழித்தால் எழுந்துவிடும். உண்மையான சேதம் அரிது. அது வரும் வழியும் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வரிசை இருக்கிறது. கணினி எந்தப் படிவரை வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து அமைப்புகளைத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகே பாகங்களைக் கழற்ற வேண்டும்.

வேகம் ஏறும்போது உள்ளே நடப்பது

இன்றைய பிராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். அடிப்படைக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 50 என்றால் வேகம் 5 கிகாஹெர்ட்ஸ். அந்த வேகத்தில் ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரம் 0.2 நானோ நொடி. ஒரு மின்குறிப்பு புறப்பட்டு, பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து, சரியான மதிப்பில் நிலைகொள்வதெல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். 5.5 கிகாஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் அந்த நேரம் ஏறக்குறைய 0.18 நானோ நொடியாகக் குறைகிறது. மிக மெதுவான பாதையில் செல்லும் குறிப்பு நேரத்துக்குள் சேராவிட்டால் தவறான விடை பதிவாகும். கணினி உறைவதும் நீலத்திரை வருவதும் பூட் ஆகாமல் நிற்பதும் அப்படிப்பட்ட தவறான விடைகளின் விளைவு.

இதற்கு வழக்கமான மருந்து வோல்டேஜ். வோல்டேஜ் கூடினால் டிரான்சிஸ்டர்கள் வேகமாக மாறும். ஆனால் சிப் உண்ணும் மின்திறன் வேகத்தோடு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.25 வோல்ட்டை 1.40 ஆக்கி, வேகத்தையும் 10 சதவீதம் கூட்டினால், மின்திறன் ஏறக்குறைய 38 சதவீதம் உயர்கிறது. அத்தனையும் வெப்பமாக வெளியேற வேண்டும். சூடு ஏற ஏற மின்கசிவு கூடுகிறது. கசிவு மேலும் சூட்டைக் கூட்டுகிறது. பூட் ஆகாத கணினிக்கு ‘இன்னும் கொஞ்சம் வோல்டேஜ் கொடுத்துப் பார்’ என்பதை முதல் ஆலோசனையாக ஏற்கக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். சிப்பைக் கெடுக்கும் ஆற்றல் வேகத்தைவிட வோல்டேஜுக்கே அதிகம்.

ஒரே மாடல் சிப்கள் இரண்டு ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். உற்பத்தியில் ஒவ்வொரு சிப்புக்கும் சிறு வேறுபாடு உண்டு. நண்பரின் பிராசஸர் ஓடும் வேகம் நம்முடையதற்கு வாக்குறுதி ஆகாது.

ஒன்றை ஏற்றினால் கூடவே ஏறுபவை

ஓவர்கிளாக் வரலாற்றில் புகழ்பெற்ற சிப்களில் ஒன்று 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ. அதன் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 4.5, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி பூட்டப்பட்டிருந்தது, பஸ் வேகத்தை மட்டும் மாற்ற முடிந்தது. பஸ்ஸை 100 ஆக்கினால் சிப் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. விலை மலிவான சிப் ஒன்று பாதி மடங்கு கூடுதல் வேகம் கொடுத்தது.

அந்த வெற்றிக்கு சிப்பின் தரம் மட்டும் காரணமில்லை. பஸ் 66இல் இருக்கும்போது பிசிஐ வேகம் அதில் பாதி, அதாவது 33 மெகாஹெர்ட்ஸ். பஸ் 100 ஆனதும் மதர்போர்டு மூன்றில் ஒரு பங்குக்கு மாறிக்கொண்டது. பிசிஐ மறுபடியும் 33லேயே நின்றது. இடையில் 83 மெகாஹெர்ட்ஸ் வைத்தவர்களுக்கோ பாதிக் கணக்கில் பிசிஐ 41.5 ஆனது. பிராசஸர் தாங்கியது, ஹார்ட் டிஸ்க் கட்டுப்பாட்டுச் சுற்று தடுமாறியது. அதிக வேகம் நிலையாக ஓடியது, குறைந்த வேகம் தகராறு செய்தது.

2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசஸர்களிலும் இதே பிரச்சினை வேறு வடிவில் வந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாமே அதே அடிப்படைக் கடிகாரத்தோடு பிணைக்கப்பட்டன. சில சதவீதத்துக்குமேல் கடிகாரத்தை ஏற்றியபோது பிராசஸருக்கு முன் மற்ற பாகங்கள் கைவிட்டன. பெருக்கி திறந்த ‘கே’ வகைச் சிப்கள் ஓவர்கிளாக்குக்கு இன்றியமையாதவை ஆனது அப்போதுதான். ஆகவே பூட் ஆகாதபோது ‘பிராசஸர் தாங்கவில்லை’ என்று முடிவு கட்டுவதற்கு முன், எந்த எண்ணை மாற்றினோம், அதோடு வேறு எவையெல்லாம் நகர்ந்தன என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

எந்தப் படியில் நிற்கிறது?

மின்சாரம் வந்ததும் கணினி சில படிகளைக் கடக்கிறது. எஸ்எம்பிஎஸ் ‘மின்னழுத்தம் சரி’ என்று குறிப்பு தருகிறது. பிராசஸர் விழித்து ஃபிளாஷ் சிப்பில் இருக்கும் பயாஸின் முதல் கட்டளைகளைப் படிக்கிறது. ராம் சோதித்துப் பழக்கப்படுத்தப்படுகிறது. கிராஃபிக்ஸ் கார்டு எழுகிறது. கடைசியில் எஸ்எஸ்டியிலிருந்து இயங்குதளம் ஏறுகிறது. புதிய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அந்தப் படியில் சிக்கல். விளக்கு இல்லாத போர்டில் சிறு ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினால் பீப் ஒலிகள் அதே வேலையைச் செய்யும். எந்த ஒலிக்கு என்ன பொருள் என்பது போர்டின் கையேட்டில் இருக்கும்.

பட்டனை அழுத்தியும் அசைவே இல்லையென்றால் அமைப்பின் மீது சந்தேகம் குறைவு. எஸ்எம்பிஎஸ், கேபிள், முன்பக்க பட்டன் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எழுந்து சில நொடியில் அணைந்து மறுபடி எழுந்தால், போர்டு வேறு வேறு அமைப்பில் முயன்றுகொண்டிருக்கலாம். மின்பாதுகாப்புச் சுற்று வெட்டுவதாகவும் இருக்கலாம். டிராம் விளக்கு நின்றால் ராமின் வேகமோ வோல்டேஜோ பொருந்தவில்லை. பயாஸ் திரை தெரிந்தும் விண்டோஸ் வராவிட்டால் சிக்கல் வேறு இடத்தில். அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

இந்தக் கட்டத்தில் பொறுமை ஒரு தொழில்நுட்பத் தேவை. டிடிஆர்5 ராமில் ஒவ்வொரு மின்பாதையின் நேரத்தையும் கணினி அளந்து சரிசெய்கிறது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கான ஏஎம்5 போர்டுகளில் ராம் அமைப்பை மாற்றிய பிறகு வரும் முதல் பூட், திரையில் எதுவும் காட்டாமல் பல நிமிடம் எடுத்துக்கொள்வது உண்டு. ஒரு நிமிடத்தில் மின்சாரத்தை அணைப்பவர் அந்த வேலையைப் பாதியில் கெடுத்துவிட்டு, கணினி எழவில்லை என்று நம்பிவிடுகிறார். பத்து, பதினைந்து நிமிடம் விட்டுப் பார்க்கலாம். பல போர்டுகள் சில தோல்விகளுக்குப் பிறகு தாமாகவே பாதுகாப்பான வேகத்துக்கு இறங்கி, ஓவர்கிளாக் தோற்றது என்று திரையில் அறிவிக்கும். அதன்பின் பயாஸுக்குள் போய் இயல்பு அமைப்பை ஏற்றிச் சேமித்தால் வேலை முடிந்தது.

அமைப்பை அழித்தல்

தானாக மீளாத கணினிக்குச் சிமாஸ் அழிப்புதான் முதல் சிகிச்சை. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் மோட்டரோலாவின் எம்சி146818 என்ற சிமாஸ் வகைக் கடிகாரச் சிப் இருந்தது. அதிலிருந்த 64 பைட் நினைவகத்தில்தான் கணினியின் அமைப்பு பேட்டரித் துணையோடு சேமிக்கப்பட்டது. சிமாஸ் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் புதிய போர்டுகள் பலவற்றில் அமைப்புகள் ஃபிளாஷ் சிப்பில் இருக்கின்றன. எனவே பேட்டரியைக் கழற்றுவதா, ஜம்பரா என்ற பழைய விவாதத்தில் ஜம்பர் அல்லது பின்புறப் பட்டனே நம்பத்தக்கது. அவை இல்லாத போர்டில் பேட்டரியைக் கழற்றலாம்.

செய்முறை எளிது. சுவர் சுவிட்சை அணைத்துப் பவர் கேபிளை உருவ வேண்டும். கணினியின் பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்னேற்றத்தை வடிக்க வேண்டும். கையேட்டில் காட்டிய இரண்டு ஊசிகளை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஐந்து முதல் பத்து நொடி இணைக்க வேண்டும். அஸூஸ் போர்டுகளில் சிஎல்ஆர்டிசி என்றும் எம்எஸ்ஐ போர்டுகளில் ஜேபிஏடி1 என்றும் எழுதியிருக்கும். மின்சாரம் இருக்கும்போது இதைச் செய்யவே கூடாது. பேட்டரியைக் கழற்றுபவர் சில நிமிடம் பொறுத்து மாட்டலாம். பழையதானால் புது சிஆர்2032 பேட்டரி போட்டுவிடுவது நல்லது.

பலரை ஏமாற்றும் இடம் இதற்குப் பிறகு வருகிறது. சிமாஸை அழித்ததும் ஓவர்கிளாக்கோடு மற்ற எல்லா அமைப்புகளும் போய்விடுகின்றன. எஸ்எஸ்டி ரெய்டு முறையில் இருந்து இப்போது ஏஹெச்சிஐ ஆகியிருந்தாலோ, பழைய முறைப் பூட் புதிய முறைக்கு மாறியிருந்தாலோ, திரை வரும், விண்டோஸ் வராது. ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற நீலத்திரை ரெய்டு முறை மாறிப்போனதன் அடையாளம். இதைப் பார்த்து எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்து விண்டோஸை மறுபடி நிறுவியவர்கள், நல்ல தரவைக் கையாலேயே அழித்தவர்கள். பழைய முறையைத் திரும்ப வைத்தால் போதும். பிட்லாக்கர் போட்ட கணினி மீட்புச் சாவியையும் கேட்கக்கூடும். ஆகவே ஓவர்கிளாக் தொடங்கும் முன்பே பயாஸ் பக்கங்களைப் போனில் படமெடுத்து வைப்பதும், மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைப்பதும் கட்டாயம்.

அப்போதும் எழாவிட்டால்

இனிமேல்தான் பாகங்கள். கணினியைக் குறைந்தபட்ச நிலைக்குக் கொண்டுவர வேண்டும்: மதர்போர்டு, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒற்றை ராமைப் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போடச் சொல்வார்கள். எழாவிட்டால் மற்ற ராமை அதே ஸ்லாட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருந்தால் தனிக் கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளைப் போர்டில் செருக வேண்டும். யுஎஸ்பி சாதனங்களும் டிஸ்க்குகளும் வெளியே இருக்கட்டும். எழுந்த பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது.

நான்கு ராம் போட்டவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ராமில் டிடிஆர்5 5200 வேகத்தை அங்கீகரிக்கும் ஏஎம்டி, நான்கு ராமில் 3600ஐ மட்டுமே அங்கீகரிக்கிறது. 6000 என்று அட்டையில் எழுதிய இரண்டு ஜோடிகளை வாங்கி மாட்டி, நான்கும் 6000இல் ஓடும் என்று எதிர்பார்ப்பது தவறான கணக்கு.

ஓவர்கிளாக் செய்த நாளிலேயே கூலரையோ கேபிளையோ தொட்டிருந்தால் அவற்றையும் பார்க்க வேண்டும். பிராசஸருக்கான எட்டு ஊசி மின்கேபிள் முழுதாக அமராமல் இருப்பது அடிக்கடி காணும் தவறு. எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் கம்பியின் அளவு 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும். பச்சைக் கம்பியைக் கறுப்போடு இணைத்துச் செய்யும் சோதனை, அது எழுகிறது என்பதை மட்டுமே காட்டும். சுமையில் தாங்குமா என்று காட்டாது. மாற்று எஸ்எம்பிஎஸ் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

கடைசி வழி பயாஸை மறுபடி எழுதுவது. பல போர்டுகளில் ஃபிளாஷ்பேக் வசதி உண்டு. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில், போர்டு நிறுவனம் சொல்லும் பெயரில் கோப்பை வைத்து, உரிய யுஎஸ்பி துளையில் செருகிப் பட்டனை அழுத்தினால் பிராசஸரும் ராமும் இல்லாமலேயே பயாஸ் எழுதப்படும். நடுவில் மின்சாரம் போகக்கூடாது. யுபிஎஸ் இருந்தால் அதில் இணைத்துச் செய்வது பாதுகாப்பு.

விண்டோஸ் வரை வந்து விழும் கணினி

இது நோ டிஸ்ப்ளேயைவிட ஆபத்தானது, ஏனென்றால் இங்கே பறிபோவது தரவு. திரை வராத கணினி எதையும் எழுதுவதில்லை. அரைகுறையாக ஓடும் கணினியோ தவறான பைட்டுகளை டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கிறது. ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்ற நீலத்திரை ராமை நோக்கிக் கைகாட்டும். ‘வியா அன்கரெக்டபிள் எரர்’, ‘கிளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’ ஆகியவை பெரும்பாலும் பிராசஸரின் வேகம், வோல்டேஜ் பக்கம் காட்டும்.

இங்கே வரிசையை மாற்றக்கூடாது. முதலில் எல்லா வேகங்களையும் இயல்புக்குத் திருப்ப வேண்டும். அடுத்து பென் டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ ஓடவிட்டு, ராமில் ஒரு பிழைகூட இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் செக்டிஸ்க் போன்ற பழுதுநீக்கும் கருவிகளை இயக்கலாம். நிலையில்லாத ராமோடு செக்டிஸ்க்கை ஓட்டுவது, கை நடுங்குபவரிடம் அறுவைக் கத்தியைக் கொடுப்பது போன்றது. நல்ல கோப்பும் கெடும்.

கிராஃபிக்ஸ் கார்டின் ஓவர்கிளாக் பெரும்பாலும் விண்டோஸுக்குள் இயங்கும் மென்பொருள் வழியாக ஏறுவது. சிமாஸை அழித்தாலும் அது போகாது. சேஃப் மோடில் நுழைந்து, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருள் தொடக்கத்திலேயே இயங்குவதை நிறுத்த வேண்டும்.

உண்மையான சேதம் எப்போது?

சிப்புக்குள் இருக்கும் நுண்கம்பிகளில் பாயும் எலக்ட்ரான்கள் உலோக அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகின்றன. மின்னோட்டமும் வெப்பமும் கூடக் கூட இது வேகமடையும் என்பதை 1960களிலேயே ஜேம்ஸ் பிளாக் ஒரு சமன்பாடாகத் தந்தார். இந்தச் சேதம் மெதுவாக வருவது; சென்ற ஆண்டு ஓடிய வேகத்தில் இந்த ஆண்டு ஓடாமை அதன் அறிகுறிகளில் ஒன்று.

அண்மை ஆண்டுகளில் இரண்டு நிகழ்வுகள் அதிக வோல்டேஜின் ஆபத்தைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தன. 2023இல் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டோடு கருகின. ராமை அட்டையில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்போ அமைப்பைப் போட்டபோது, பிராசஸரின் எஸ்ஓசி பகுதிக்குப் போர்டுகள் கொடுத்த வோல்டேஜ் கவனத்துக்கு வந்தது. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் பயாஸ் திருத்தத்தை வெளியிட்டது. 2024இல் இன்டெல் தன் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் அதிக வோல்டேஜால் சிப்பின் கடிகாரச் சுற்று முதுமையடைவதை ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் திருத்தமும் இரண்டாண்டு கூடுதல் வாரண்டியும் கொடுத்தது. பயனர் எதையும் ஏற்றாமலேயே பாதிப்பு வந்த கணினிகளும் அதில் அடக்கம். ஆகவே இயல்பு அமைப்பிலும் நிலையாக ஓடாத பிராசஸரை வைத்துப் போராட வேண்டாம். வாரண்டி கேட்க வேண்டும். எக்ஸ்போவும், அதற்கு இணையான இன்டெல்லின் எக்ஸ்எம்பியும் நிறுவனங்களின் கணக்கில் ஓவர்கிளாக்தான் என்பதை மட்டும் அறிந்திருக்க வேண்டும்.

மறுபடி ஏற்றுபவருக்கு

பயாஸை முதலில் புதுப்பியுங்கள். ராமை இயல்பில் வைத்துப் பிராசஸரை ஏற்றுங்கள். அது நிலைத்த பிறகு ராமைத் தொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் தாளில் எழுதுங்கள். வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டு வேகத்தை ஏற்றாதீர்கள், தேவைக்குமேல் கொடுக்கும் போர்டுகள் உண்டு. பிரைம்95 போன்ற கடும் சோதனையோடு, கணினி வேலையின்றிச் சும்மா இருக்கும் நேரத்தையும் கவனியுங்கள். வோல்டேஜைக் குறைத்து அமைத்த ரைசன் கணினிகள் சுமையில் நின்று, ஓய்வில் விழுவது உண்டு. நம் ஊரின் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். 20 டிகிரி அறையில் சோதித்தவர் சொல்லும் அமைப்பு, 38 டிகிரி அறையில் ஏறக்குறைய 18 டிகிரி கூடுதலாகச் சுடும். மார்கழியில் நிலைத்த அமைப்பு அக்னி நட்சத்திர நாட்களில் விழுவது இதனால்தான்.

இன்றைய பிராசஸர்கள் சூட்டையும் மின்னோட்டத்தையும் அளந்து தாமாகவே எல்லைக்கு அருகில் ஓடுகின்றன. 300ஏ காலத்து 50 சதவீத லாபம் இப்போது இல்லை. சில சதவீதமே மிச்சம். கற்றுக்கொள்ளும் ஆர்வத்துக்காக ஓவர்கிளாக் செய்வது முற்றிலும் நியாயம். ஆனால் தேர்வு எழுதும் மாணவரின் கணினியிலும், சம்பாத்தியம் நடக்கும் கணினியிலும் அதைச் செய்ய வேண்டாம். செய்பவர்கள் தரவை முதலில் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள். கணினி எழாமல் போனால் பதினைந்து நிமிடம் பொறுத்து, சிமாஸை அழித்து, ஒற்றை ராமில் ஒரு முறை முயலாமல் எந்தப் பாகத்துக்கும் பணம் கொடுக்காதீர்கள்.